தடைக்காலத்து ஆட்டம்: உங்கள் கேரக்டரில் எது மனசில் நின்றது?

பாம்பன்காரன்:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், நான் கணக்கெழுதும் ஐஸ் கம்பெனியிலும் பாதி நாள் வேலை இருக்காது. சென்னையில் படித்துவிட்டு வந்து அப்பா படகிலேயே ஏறிவிட்ட மச்சான் ஒருவன் போன தடைக்காலத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை எங்கள் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தான். ஒருத்தர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி ஆடுகிற ஆட்டம் அது, செய்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துகிறவன் அவன், ஆடுகிறவர்கள் ஐந்து பேர். 2023-ல் அடிப்படை விதிகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டதால் புத்தகச் செலவு கிடையாது, எல்லாம் போனிலேயே. இருபது முகப் பகடை ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டாம் நாளே அது மழைநீர்க் குழாய்க்குள் உருண்டு போய்விட்டது. அப்புறம் 1 முதல் 20 வரை சீட்டு எழுதி ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது கம்பெனிக்காரர்களே பெட்டிக்குள் இப்படி எண் சீட்டு வைத்துத்தான் விற்றார்கள் என்று மச்சான் சொன்னான், அதனால் மானம் போகவில்லை.

என் முதல் கேரக்டர் ஒரு எல்ஃப் இளவரசன். நாடிழந்தவன், அண்ணனால் வஞ்சிக்கப்பட்டவன், மார்பில் ரகசியத் தழும்பு, எல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். ஒருத்தர்கூட அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், அது என் நோட்டில் அல்லவா இருக்கிறது? மூன்றாம் நாள் ஒரு சிலந்தி கடித்துச் செத்தான். பக்கத்தில் இருந்தவன் முறுக்கை மென்றுகொண்டே, "அவன் பேரு என்னடா?" என்றான். அந்தக் கேள்வியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அடுத்ததை 1974 முறைப்படி போட்டேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் ஆட்டத்தில் பலம், ஞானம் என்று கேரக்டருக்கு ஆறு எண். ஆறுமுகப் பகடை மூன்றை ஆறு தரம் உருட்டி, கூட்டி, விழுந்தது விழுந்தபடி வரிசையாக எழுதணும். பலம் 6, ஞானம் 15. வாள் தூக்க முடியாத ஆள், ஆகவே காயம் ஆற்றும் பூசாரி, கிளெரிக். முன்கதை எழுதச் சோம்பலாக இருந்தது. அப்பத்தாவிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். படகு கரைக்கு வரும்போது அவள் விரலை மடக்கி மடக்கித் தலை எண்ணுவாள். தனுஷ்கோடியில் பிறந்தவள், 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் இங்கே வந்தவள். இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் ஏறினால் எங்களை எண்ணாமல் உட்கார மாட்டாள். என் பூசாரியும் ஒவ்வொரு அறையை விட்டு வெளியேறும்போது எண்ணுவான், அவ்வளவுதான். இரண்டு நாள் சிரித்தார்கள். அப்புறம் நான் "எண்ணிக்கிறேன்" என்றதும் அவரவர் தானாகவே "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லை. கடலுக்குள் போன ஒரு கோயிலில் இருக்கிறோம் (கதையில்தான்). வெளியே வரும்போது வழக்கம்போல எண்ணுகிறேன் என்றேன். மச்சான் டப்பாவை என் பக்கம் தள்ளி ஒரு சீட்டு எடுக்கச் சொன்னான். 17. போன் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்து, "சரி, எண்ணிட்ட. ஆறு" என்றான்.

நாங்கள் ஐந்து பேர். யாரும் பேசவில்லை. கீழே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. முறுக்கு தின்றவன் மெல்லத் தன் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டான்.

நாலு பக்கம் எழுதியும் நடக்காதது ஒரே ஒரு பழக்கத்தில் நடந்தது, ஏனென்றால் அதில் மற்றவன் பிடித்து இழுக்க ஒரு பிடி இருந்தது. உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா? எழுதுங்கள்.

கீழக்கரைப் பிள்ளை:

அண்ணே, அந்த ஆறைப் படித்துவிட்டு நான் லைட்டைப் போட்டேன். நாங்கள் ஹாஸ்டலில் ஆறு பெண்கள் ஆடினோம், ஊருக்குப் போய்விட்டு வருகிறவள் எங்கள் ஊர் இனிப்பான தொதல் கொண்டுவந்தால்தான் அன்றைக்கு ஆட்டம். என் முதல் கேரக்டர் யாரோடும் பேசாத திருடி. முக்காடு போட்டுக்கொண்டு சத்திரத்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். பெரிய கெத்து என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நானும் நிஜமாகவே மூலையில் உட்கார்ந்து தொதல் தின்றுகொண்டிருக்கிறேன். பேசாதவளிடம் யார் வந்து பேசுவார்கள்?

அடுத்த தடவை ஆட்டத்துக்கு முன்னாலேயே ரூம்மேட்டிடம் கேட்டேன், "நான் உன் கேரக்டருக்குக் கடன்பட்டவளா இருக்கட்டுமா? பன்னிரண்டு பொற்காசு." அவளுக்கும் சந்தோஷம். சண்டைக்கு நடுவில் "முதல்ல என் காசு" என்பாள், நான் "மகரிபுக்கு அப்புறம் தாறேன்" என்பேன். கடைசிவரை கொடுக்கவே இல்லை. ஒரு பாலத்தை அறுத்துவிட்டு என் திருடி அந்தப் பக்கமே நின்று செத்தாள். பையைத் துழாவினார்கள். பன்னிரண்டு காசும் தனியாக முடிந்து வைத்திருந்தது, ரூம்மேட் பேரோடு. முடிச்சை நான் நாலு வாரத்துக்கு முன்பே கேரக்டர் விவரம் எழுதும் ஷீட்டின் பின்பக்கம் எழுதிவிட்டேன். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று எங்கள் ஊர்ப் பேரைக் காப்பாற்றியாகிவிட்டது. ரூம்மேட் அழுதாள். நானும்தான்.

மண்டபத்தான்:

பழக்கம் ஒன்று போதும் என்பதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. வெறும் பழக்கம் மூன்றாம் நாள் மிமிக்ரி ஆகிவிடும். அந்தப் பூசாரி நிற்பதற்குக் காரணம் விரல் மடக்குவது இல்லை, பின்னால் இருக்கிற பயம்.

நான் அடிபட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். கடலுக்குள் பாசி எடுக்கும் பெண் ஒருத்தியைக் கேரக்டராக வைத்து, எங்கள் பக்கத்துப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நண்பன் வீட்டுத் திண்ணை. டீ கொண்டுவந்த அவன் சித்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரே பாசிக்குப் போகிறவர். ஒன்றும் திட்டவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். தன் கையையும் பக்கத்தில் வைத்தார். துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்களாம், அப்படியும் விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த கோடு. மூச்சுப் பிடித்து முங்கணும், பிடுங்கணும், மேலே வரணும், மறுபடி முங்கணும். இன்னொன்றும் சொன்னார்: மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, மிச்ச நாள் பாசி வளரட்டும், இது அவர்களே பேசி வைத்துக்கொண்ட கட்டு.

அன்றைக்கே இழுவைப் பேச்சை நிறுத்தினேன். என் கேரக்டருக்கு ஒரே விதி: எந்த இடத்திலும் பன்னிரண்டு நாளுக்கு மேல் எதையும் எடுக்க மாட்டாள். பதின்மூன்றாம் நாள் பொக்கிஷ அறைக் கதவு திறந்தது பாருங்கள்! தங்கம் குவிந்து கிடக்கிறது, இவள் வாசலில் கைகட்டி நிற்கிறாள். "உனக்குப் பைத்தியமா" என்று நாலு பேரும் என்மேல் பாய்ந்தார்கள். ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம், ஒரு சீட்டு, ஒரு பகடை கிடையாது. கடைசியில் பாதியை விட்டுவிட்டு வந்தோம். அந்தப் பாதிக்காக இன்றைக்கும் ஒருத்தன் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

தொண்டி ஜெட்டி:

நடத்துகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு ஷீட்டில் குணம், கொள்கை, பிணைப்பு, குறை என்று நாலு சின்னக் கட்டம் இருக்கும். ஆடுகிறவர்கள் பலம், திறமை எண்ணையெல்லாம் பத்துத் தரம் சரிபார்த்துவிட்டு இந்த நாலிலும் "நல்லவன்" என்று எழுதித் தருவார்கள். நான் முதலில் படிப்பது பிணைப்பும் குறையும்தான், மற்றது இருந்தால் லாபம். நல்லவனை வைத்து நான் என்ன செய்ய? "தங்கச்சி கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறான், பணத்தைக் கண்டால் கை நிற்காது" என்று எழுதுங்கள், ஒரு மாதக் கதை தயார். ஃபேட் என்று இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அதில் நம் குறையை வைத்து நடத்துகிறவர் சிக்கலில் மாட்டிவிட்டால் அதற்குக் கூலியாக ஒரு பாயிண்டே கிடைக்கும். மாட்டிக்கொள்ளத் துடிப்பார்கள். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

பாம்பன்காரரே, எல்லாம் சரி, அந்த ஆறாவது தலை யாருடையது? சொல்லாமல் போனால் எப்படி?

பாம்பன்காரன்:

தெரிந்தால்தானே சொல்ல! அடுத்த செஷனில் பார்க்கலாம் என்று மச்சான் நிறுத்தினான், அதற்குள் ஜூன் 14 வந்துவிட்டது. ஐஸ் உடைக்கிறது, டீசல் ஏற்றுகிறது, டோக்கன் போடுகிறது, ஒருத்தனுக்கும் நேரம் இல்லை. நான் ஐஸ் இறக்க ஜெட்டிக்குப் போயிருந்தேன். மச்சான் படகில் ஐந்து பேர். ஏறினவன் என்னைப் பார்த்தான், ஒவ்வொருத்தராக விரல் மடக்கி எண்ணினான், எண்ணி முடித்து ஆறு என்று விரலைக் காட்டிச் சிரித்தான்.

அதை அப்பத்தா பார்த்துவிட்டாள். கடலுக்குப் போகிற நேரத்தில் என்ன விளையாட்டு என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவனை இறங்கச் சொல்லி, தலையைச் சுற்றி மண்ணைப் போட்டு, மறுபடி ஏறச் சொல்லி, தானே உரக்க ஐந்து எண்ணின பிறகுதான் கயிற்றை அவிழ்க்க விட்டாள். ஆறாவது யார் என்று இப்போது கேட்டால் மச்சான், "அப்பத்தாகிட்டக் கேளு" என்கிறான்.