டி.பி.க்கு மாத்திரை போதாதா, சாப்பாடும் மருந்தா?

தண்டவாளம்76:
என் தங்கை வீட்டுக்காரருக்குப் போன மாதம் டி.பி. என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முட்டை கொடு, ஆட்டுக்கால் சூப் வை, பேரீச்சம்பழம் வாங்கு என்று அவள் உயிரை எடுக்கிறார்கள். வாடகை கொடுக்கவே இழுபறியாக இருக்கிற வீடு அது.

இந்தச் சந்தேகத்தை நம் மெட்ராஸிலேயே எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-ல் ஒரு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், அதாவது டி.பி.க்காரர்களைத் தங்க வைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரியில், நல்ல சாப்பாடு, படுக்கை, நர்ஸ் கவனிப்போடு. மறு பாதி நெரிசலான வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. மருந்து இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். 1959-ல் முடிவு வந்தபோது குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணம். இவ்வளவு தெரிந்த பிறகும் டி.பி. நோயாளிகளுக்குப் பருப்பு மூட்டை கொடுப்பது போட்டோவுக்குத்தான் என்பது என் கட்சி.

ரயில்பயணி:
சரியாகச் சொன்னீர்கள். நான் தினமும் இறங்குகிற ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரியால் வந்த பெயர். அப்போது காற்றையும் ஓய்வையும் சாப்பாட்டையும் நம்பினார்கள், ஏனென்றால் நம்ப வேறு எதுவும் இல்லை. மருந்து வந்த பிறகும் அதே பல்லவி எதற்கு?

நர்ஸ்அக்கா:
பதினாறு வருஷமாக டி.பி. பிரிவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். தண்டவாளம் சார், ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னது சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தப்பு. ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தே ஆக வேண்டுமா என்பதுதான் அன்று இருந்த கேள்வி. சாப்பாடே வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்தவர்களும் பட்டினி கிடக்கவில்லை, அவர்களுக்கும் எடை ஏறியது, சானடோரியத்தில் இருந்தவர்களைவிடக் கம்மியாக, அவ்வளவுதான்.

இன்னொன்று, வந்த நோயைக் குணமாக்குவது வேறு, வராமல் தடுப்பது வேறு. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்து, 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நோயாளிகள் எல்லாருக்கும் சாப்பாட்டுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் கூட இருக்கிற குடும்பத்தாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வந்தது 39 சதவீதம் குறைவு. தடுப்பூசி இல்லை, ஊசி இல்லை, வெறும் அரிசி பருப்பு! இதில் பங்கெடுத்தவர்களில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. நீங்கள் சொன்ன அந்த 1956 மையம்தான் பிற்பாடு இந்த நிறுவனம் ஆனது.

தண்டவாளம்76:
39 சதவீதம் என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள் அக்கா. பொருள் கிடைக்காத குடும்பங்களில் 4,724 பேரில் 122 பேருக்கு வந்தது, கிடைத்த குடும்பங்களில் 5,621 பேரில் 96 பேருக்கு. அதாவது நூற்றுக்கு 2.6, இந்தப் பக்கம் 1.7. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 111 பேருக்கு மாதாமாதம் மூட்டை தூக்க வேண்டும். அந்தப் பணத்தில் எக்ஸ்ரே வண்டி வாங்கி ஊர் ஊராக விடலாம்.

நர்ஸ்அக்கா:
111 பேர் என்பது ஏறக்குறைய 30 வீடு சார். 30 வீட்டுக்கு அரிசி பருப்பு போட்டு ஒரு ஆளுக்கு டி.பி. வராமல் போகிறதென்றால் எனக்கு அது மலிவாகத்தான் தெரிகிறது. அந்த ஒரு ஆள் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுவதும், வேலையை விடுவதும், அதற்குள் இன்னும் இரண்டு பேருக்குப் பரப்புவதும் உங்கள் கணக்கில் இல்லை. எக்ஸ்ரே வண்டியும் வரட்டும், நான் வேண்டாம் என்றேனா? அப்புறம், நோயாளிக்கே வருகிறேன். அதே ஜார்க்கண்டில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு 61 சதவீதம் குறைவு.

புள்ளிவிவரப்புலி:
இந்த இடத்தில் மட்டும் அக்காவோடு மல்லுக்கு நிற்கிறேன். நோயாளிகள் எல்லாருக்குமே சாப்பாடு போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒப்பிட்டுப் பார்க்கச் சாப்பாடு போகாத கூட்டமே இல்லை. எடை ஏறியதால் பிழைத்தார்களா, மருந்து நன்றாகக் கேட்டதால் பசி எடுத்து எடை ஏறியதா? இந்த எண்ணை வைத்து அதைப் பிரிக்க முடியாது. குடும்பத்தார் விஷயம் அப்படியில்லை, அது குலுக்கிப் பிரித்துச் செய்தது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நர்ஸ்அக்கா:
நியாயமான கேள்விதான் தம்பி, 61-ஐ நான் இழுத்திருக்கக் கூடாது. ஆனால் எடை ஏறாத ஆளைக் கவனி என்பதற்கு அந்த எண் போதும். தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நாங்கள் செய்வதும் அதுதான். டி.பி. என்று தெரிந்தவுடனேயே எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானமில்லாமல் நிற்கிறாரா என்று பார்க்கிறோம். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 14-ம் அதற்குக் கீழும் என்றால், அல்லது காலில் வீக்கத்தோடு 16 வரை இருந்தால், அவரை வீட்டில் விடாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். ஏனென்றால் சாவு பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில்தான்.

சார், உங்கள் மாப்பிள்ளை எடை என்ன? உயரம்?

தண்டவாளம்76:
43 கிலோ. என் உயரம் இருப்பார், 170 செ.மீ.

புள்ளிவிவரப்புலி:
பி.எம்.ஐ. 14.9 வருகிறது.

நர்ஸ்அக்கா:
காலில் வீக்கம் இருக்கிறதா? கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மாத்திரையை எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும், 2018-ல் 500-ஆக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து ஏற்றிவிட்டார்கள், கணக்கு எண் கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஆட்டுக்கால் வேண்டாம், பருப்பு, வேர்க்கடலை, முட்டை போதும்.

தண்டவாளம்76:
வீக்கம் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, நானும் பார்க்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், எடுக்கவில்லை, மறுபடி போடுகிறேன். சூப் விஷயத்திலாவது நான் சொன்னது சரியாகப் போயிற்றே.