பாத்ஃபைண்டர் 2 (டைஸ் உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் கேம்): இரண்டாவது அடிக்கு 5 குறையுமா, 4 குறையுமா?

கேள்வி:
என் கேரக்டர் லெவல் 1 ஃபைட்டர். வலது கையில் லாங்ஸ்வார்டு, இடது கையில் ஷார்ட்ஸ்வார்டு, இரண்டுக்கும் அட்டாக் +9 (20 பக்க டைஸில் விழுவதோடு கூட்டுவது), ஸ்ட்ரென்த் +4. ஷார்ட்ஸ்வார்டு மட்டும் அஜைல் (அடுத்தடுத்த அடிக்குக் குறைவாகக் கழியும் வகை). இரண்டையும் ஒரே டர்னில் மாற்றி மாற்றி வீசினால், அடுத்தடுத்த அட்டாக்குக்குக் கழியும் பெனால்டியை எதை வைத்துக் கணக்கிடுவது? முதல் ஆக்‌ஷனில் ட்ரிப் (எதிரியைத் தடுக்கி விழவைப்பது) செய்தால் அதுவும் ஒரு அட்டாக்கா?

பதில் 1:
எத்தனையாவது அட்டாக் என்பது ஒரே எண்ணிக்கை, எந்த ஆயுதமானாலும். எவ்வளவு கழிப்பது என்பதை இப்போது வீசும் ஆயுதம் சொல்லும். சாதா ஆயுதத்துக்கு 5, பிறகு 10. அஜைலுக்கு 4, பிறகு 8. ஆக முதலில் லாங்ஸ்வார்டு +9, அடுத்து ஷார்ட்ஸ்வார்டு +5. வரிசையைத் திருப்பினால் லாங்ஸ்வார்டு +4. நாலாவது அட்டாக் எப்படியோ கிடைத்தாலும் 10க்கு (அஜைலுக்கு 8க்கு) மேல் கழியாது. தவறிய அடியும் எண்ணிக்கையில் உண்டு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். டர்ன் முடிந்ததும் பூஜ்யம்.

பதில் 2:
அஜைலைக் கண்மூடித்தனமாக நம்பவும் வேண்டாம். எதிரி ஏசி (அடி படுவதற்கு எட்டவேண்டிய எண்) 16 என்று வைத்துப் போட்ட கணக்கு, கிரிட்டிக்கலுக்கு இரட்டை டேமேஜ் சேர்த்து:

முதல் அடி லாங்ஸ்வார்டு (டேமேஜ் டி8+4, அதாவது 8 பக்க டைஸ் + 4): 70% படும், கிரிட் ஆகும் 20% இதில் அடக்கம். சராசரி டேமேஜ் 7.65.
இரண்டாவது அடி: லாங்ஸ்வார்டு 4.25, ஷார்ட்ஸ்வார்டு (டி6+4) 4.13. வித்தியாசமே இல்லை.
மூன்றாவது: லாங்ஸ்வார்டு 2.13, ஷார்ட்ஸ்வார்டு 2.63.

ஏசியைவிட 10 அதிகம் வந்தால் கிரிட் என்பதால், கழியும் 5 படும் வாய்ப்போடு கிரிட்டையும் தின்றுவிடுகிறது. இரண்டாவது அடியிலேயே கிரிட்டுக்கு இயல்பான 20 ஒன்றுதான் வழி. மூன்றாவது ஆக்‌ஷனை அடிக்குச் செலவழிக்காமல் ஒரு ஸ்டெப் பின்வாங்குவதோ டிமாரலைஸோ (எதிரியை மிரட்டுவது) மேல். டிமாரலைஸில் அட்டாக் ட்ரெயிட் (அட்டாக் என்ற குறி) கிடையாது, பெனால்டி அதைத் தொடாது.

இரண்டு கையிலும் வாள் இருக்கிறதே, டபுள் ஸ்லைஸ் ஃபீட் (கேரக்டருக்குத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) எடுங்கள். 2 ஆக்‌ஷன், ஒரே எதிரி மேல் இரண்டு அடியும் முழு +9இல்: சராசரி 14.4. தனித்தனியாக வீசினால் 11.8தான். இரண்டாவது அடியை ஷார்ட்ஸ்வார்டால் போடுங்கள். அஜைல் இல்லாத ஆயுதமென்றால் அதற்கு 2 கழியும். இரண்டும் முடிந்த பிறகு இரண்டு அட்டாக்காகக் கணக்கில் ஏறும்.

பதில் 3:
ட்ரிப்பும் அட்டாக்தான். கிராப்பிள் (பிடிப்பது), ஷவ் (தள்ளுவது), டிஸார்ம் (ஆயுதத்தைத் தட்டிவிடுவது), பிடியிலிருந்து தப்பும் எஸ்கேப் எல்லாமே அப்படி. ஆனால் உங்களால் இப்போது ட்ரிப் செய்யவே முடியாது: ஒரு கை காலியாக இருக்கணும், இல்லை ஆயுதத்தில் ட்ரிப் ட்ரெயிட் இருக்கணும். இரண்டு வாளிலும் அது இல்லை.

கை காலியாக இருந்தால் ட்ரிப் முதலில் வருவதே சரி. எதிரி விழுந்தால் ஏசி 2 குறையும், அடுத்த அடிக்கு 5 கழிந்தாலும் நிகரமாக 3தான். ட்ரிப் படுமோசமாகத் தவறி கிரிட்டிக்கல் ஃபெயில் ஆனால் விழுவது நீங்கள், அது வேறு.

கேட்டவர்:
விழுந்தவன் எழும்போது ரியாக்டிவ் ஸ்ட்ரைக் (அவன் டர்னிலேயே சட்டென அடிக்கும் அடி) அடித்தால் அதற்கும் கழியுமா?

பதில் 3:
கழியாது. உங்கள் டர்னுக்கு வெளியே நடக்கும் அட்டாக்குக்குப் பெனால்டி இல்லை, முழு +9. ரெடி (ஒரு செயலைப் பிறகு செய்யத் தயாராக வைப்பது) ஒரு விலக்கு: ஒரு அடி அடித்த பிறகு ஸ்ட்ரைக்கை ரெடி செய்து வைத்தால், அந்த நேரத்தில் இருந்த பெனால்டி கூடவே வரும்.