சித்திரைக்கு 500 ரூபா: நம்மட வளவு குறூப்

சனிக்கிழமை

நான்: எல்லாரும் ஒருக்கா பாருங்க. இந்த வருசப் பொறப்புக்கு ஆரும் ஆருக்கும் கடையில வாங்கிக் குடுக்கிறல்ல. பேர் எழுதிக் குலுக்குவம், ஒராளுக்கு ஒராள், கையால செஞ்ச சாமான், 500 ரூபாய்க்கு மேல போகப்படா. போன முற உடுப்பெண்டும் கேக்கெண்டும் வாங்கிக் குவிச்சிட்டு வைகாசி முழுக்க அடகு மீட்டின கத எல்லாருக்கும் தெரியும்தானே

கல்லடி மாமி: அப்ப கைவிசேசமும் இல்லையா

நான்: அது பெரியாக்கள் நேரம் பாத்துக் கையில தாற காசு மாமி, அத ஆரும் தொடல்ல. மற்றப் பரிசு மட்டும்தான் இது

தம்பி: நான் என்னத்த செய்யிற, எனக்கு முட்ட பொரிக்க மட்டும்தான் தெரியும்

களுவாஞ்சிகுடி அக்கா: அதயும் கருக்குவாய்

கட்டார் மாமா: எல்லாருக்கும் இங்கயிருந்து சென்ட் போத்தல் அனுப்புறன். பெட்டியில அடுக்கிறது என்ட கைதானே

நான்: மாமா அது கணக்கில்ல

செங்கலடி பெரியம்மா: எனக்கு யோசின வந்திட்டு புள்ள, நம்மட பின் வளவில தயிர்ச்சட்டி பதினெட்டு கவுத்து வெச்சிரிக்கன் ஒண்டையும் எறிய மனம் வராது, தயிர் முடிஞ்சாலும் சட்டி சட்டிதானே, அதுல பூக்கண்டு வெச்சித் தரலாம், ஆனா அடியில ஓட்ட போடணுமே, போன முற ஆணி வெச்சி சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினன் ரெண்டாப் போச்சி

தம்பி: பெரியம்மா தட்டப்படா. ஒரு ராத்திரி தண்ணிக்குள்ள ஊறப் போடுங்க, மறுகா கவுத்து வெச்சி றில்லால மெதுவா, ஹெமர் போடாம, முதல்ல சின்ன பிட் மறுகா பெரிய பிட். நான் வந்து போட்டுத் தாறன். பெயின்ட் அடிக்கிறெண்டா விளிம்புல மட்டும் கோலம் மாதிரி போடுங்க, முழுக்கப் பூசினா மண்சட்டி மூச்சு விடாது, தண்ணி நிண்டு வேர் அழுகிப் போகும்

களுவாஞ்சிகுடி அக்கா: முட்ட மட்டும் தெரிஞ்ச ஆளா இது

சின்னம்மா: நான் தையல் மெசினத் துடைச்சி வெச்சிட்டன். உங்கட சித்தப்பாட பழைய மருதமுனைச் சாரம் நாலு இரிக்கி, நடுவில மட்டும் தேஞ்சிரிக்கி, கரப்பக்கம் புதுசு மாதிரி. தேஞ்ச துண்ட வெட்டிப் போட்டிட்டு மிச்சத்த ரெண்டு மடிப்பா வெச்சி சந்தைக்குக் கொண்டு போற பை தைக்கப் போறன். கைத்தறித் துணி எண்டதால அஞ்சு கிலோ அரிசி வெச்சாலும் தாங்கும். பிடிக்கு மட்டும் குறுக்கால பெருக்கல் அடையாளம் மாதிரித் தையல் போடணும், இல்லாட்டி அதுலதான் முதல்ல கிழியும்

கட்டார் மாமா: சித்தப்பா சம்மதிச்சாரா

சின்னம்மா: அவருக்கு இன்னும் தெரியா. ஆரும் சொல்லிப் போடாதீங்க

சின்னம்மா: அவர் இந்த குறூப்பில இல்லத்தானே??

நான்: இரிக்கார்

களுவாஞ்சிகுடி அக்கா: ஹாஹாஹா. சரி நான் தலைக்கு எண்ணெய் காச்சுவன். ஆனா ஒரு பயம் இரிக்கி, போன வருசம் என்னோட வேல செய்யிற புள்ளைக்கு ஆசையா காச்சிக் குடுத்தன், செவ்வரத்தம்பூ கறிவேப்பில கத்தாழ எல்லாம் பச்சையா வெட்டிப் போட்டு, பத்து நாளில மேல பூஞ்சணம் புடிச்சி அவ பாவம் சொல்லவும் ஏலாம எறியவும் ஏலாம வெச்சிரிந்திரிக்கா. நான் அவட வீட்ட போன நேரம்தான் கண்டன்

கல்லடி மாமி: [வொய்ஸ் மெசேஜ் 2:14]

தம்பி: மாமி பஸ்ஸுக்குள்ள நிக்கன் கேக்க ஏலா, ஆராவது எழுதுங்க

நான்: மாமி சொன்னத எழுதுறன். இலயில தண்ணி இரிந்தா எண்ணெய் கெடும். பூவையும் இலயையும் ரெண்டு மூண்டு நாள் நிழல்ல காய வைக்கணும், வெயில்ல இல்ல. அரை லீட்டர் தேங்காண்ணைக்கு பூ ஒரு கை, கறிவேப்பில ஒரு கை, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. அடுப்ப நல்லாக் குறைச்சி வெச்சா முதல்ல சடசட எண்டு சத்தம் வரும், அது தண்ணி போற சத்தம். அந்தச் சத்தமும் நுரையும் அடங்கினாப் பொறகுதான் இறக்கணும். ஆறின பொறகு சீலத்துணியால வடிச்சி, நல்லாக் காஞ்ச போத்தல்ல ஊத்தணும். கத்தாழயத் தொடவே வேணாமாம், அது முழுக்கத் தண்ணி. மிச்சம் ஒரு நிமிசம் பக்கத்து வீட்டு ஆட்டப் பத்தி

களுவாஞ்சிகுடி அக்கா: சத்தம் அடங்கினாப் பொறகா இறக்கிற! நான் நிறம் மாறினவுடன இறக்கிட்டன். சரி மாமி. நல்ல காலம் தேங்கா நம்மட மரத்துல, செலவே இல்ல, போத்தலுக்கு மட்டும்தான் காசு

கல்லடி மாமி: என்ன கா செலவே இல்லையா

கல்லடி மாமி: மரம் ஏறின பொடியனுக்கு காசு குடுக்கல்லையா நீ. அதே தேங்காயச் சந்தையில குடுத்தா காசு வராதா. உரிச்சது ஆர் துருவினது ஆர். தேங்காப்பால் விட்டுத் தொதல் கிண்டினா ரெண்டு மணித்தியாலம் அடுப்பு முன்னால நிக்கணும் கை நிறுத்தினா அடி புடிச்சிரும், நாலு பேர் வந்து ருசி பாத்திட்டு மச்சி வீட்டத் தொதல் சும்மா கிடைக்கும் எண்டு சொல்லிட்டுப் போவாங்க. இருவது வருசமாக் கேட்டிட்டன் இந்தச் சும்மாவ

செங்கலடி பெரியம்மா: மச்சி சொல்றது சரிதான். தயிர்ச்சட்டியும் தயிரோட காசு குடுத்து வாங்கினதுதான்

நான்: சரி அப்ப கணக்க மாத்துவம். வளவுல உள்ளதுக்கு சந்த விலயில பாதி போடுங்க. காஸ் அடுப்பெண்டா 50 ரூபா, விறகெண்டா போடத் தேவல்ல

கல்லடி மாமி: கைக்கு?

நான்: கைக்கு என்ன போடுற மாமி

சின்னம்மா: நான் சொல்றன். பரிசு வாங்கின ஆள், குடுத்த ஆளுக்கு ஒரு நாள் சமைச்சிக் குடுக்கணும். சட்டி கழுவுறதும் அவங்கதான்

கல்லடி மாமி: இது நல்லாரிக்கி. இதுக்கு நான் சம்மதம்

செங்கலடி பெரியம்மா: நான் இன்னொண்டும் யோசிச்சன், விளாம்பழம் இரிக்கி ஜாம் காச்சலாம், ஆனா போன தரம் போத்தல் வெடிச்சிட்டு

களுவாஞ்சிகுடி அக்கா: சூடா ஊத்தினீங்களா பெரியம்மா குளிர்ந்த போத்தலுக்குள்ள? அப்பிடி ஊத்தினா வெடிக்கும்தான். போத்தல பத்து நிமிசம் தண்ணிக்குள்ள போட்டுக் கொதிக்க வெச்சி, எடுத்துக் கவுத்து, சூடு ஆறுறதுக்குள்ள ஜாமையும் சூடா ஊத்தணும், அப்ப பூஞ்சணமும் வராது. பழத்தக் கொஞ்சம் தண்ணி விட்டுப் பிசைஞ்சி வடிச்சி, வடிச்சது எவ்வளவோ அவ்வளவு சீனி, தேசிக்காய்ச் சாறு கொஞ்சம். பதம் பாக்க ஒரு பீங்கான முதல்லயே பிரிஜ்ஜுக்குள்ள வைங்க, அதுல ஒரு துளி விட்டு கொஞ்ச நேரத்தால விரலால தள்ளிப் பாருங்க, மேல சுருக்கம் விழுந்தா காணும். விளாம்பழம் சுறுக்கா இறுகும், அன்னாசி மாதிரி மெனக்கெட வைக்காது

செங்கலடி பெரியம்மா: பீங்கான் பிரிஜ்ஜுக்குள்ளயா. உங்கட பெரியப்பா என்ன நினைப்பாரோ

கட்டார் மாமா: எல்லாம் சரி, நான் இங்க ஆறு பேரோட ஒரு ரூமில இரிக்கன், ஜாம் காச்சவா தொதல் கிண்டவா

கல்லடி மாமி: இஞ்சாருங்க, நீங்க ஒரு கடிதம் எழுதுங்க. பேனையால. கலியாணம் முடிச்ச நாளையில ஒண்டு எழுதினீங்க, அதுக்குப் பொறகு எல்லாம் வொய்ஸ்தான்

கட்டார் மாமா: என்ட கையெழுத்து எனக்கே விளங்காது

கல்லடி மாமி: எனக்கு விளங்கும்

தம்பி: போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா, கொமினிக்கேசன் கடயில நான் பிறின்ட் எடுத்துக் குடுக்கன். அந்தக் காசையும் 500க்குள்ள போடுவம்

ஞாயிற்றுக்கிழமை

நான்: குலுக்கியாச்சி. எங்கட சின்னவள் கண்ண மூடிட்டு எடுத்தா, எல்லாருக்கும் தனியத் தனிய மெசேஜ் போட்டிரிக்கன். ஆருக்கு ஆர் எண்டு வருசப் பொறப்பு வரைக்கும் ஆரும் வாய் திறக்கப்படா

சின்னம்மா: சித்தப்பா சாரக் கத வாசிச்சிட்டார். ஒரு சாரத்த எடுத்து ஒளிச்சி வெச்சிட்டார், மூண்டுதான் மிச்சம்

தம்பி: அக்கா எனக்கு கல்லடி மாமி விழுந்திரிக்கா, மாமிக்கு என்ன கா குடுக்கிற, பெரியம்மாட்ட ஒரு தயிர்ச்சட்டி கேட்டு கத்தாழ வெச்சிக் குடுக்கவா, மறுகா மாமி இது ஒண்டுக்கும் உதவாதெண்டு ஏசுவாவா

நான்: டேய் இது குறூப்

தம்பி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செங்கலடி பெரியம்மா: நான் ஒண்டும் பாக்கல்ல

களுவாஞ்சிகுடி அக்கா: நானும்

கல்லடி மாமி: நான் பாத்திட்டன் மனே. ஏசல்ல. கத்தாழ வேணாம், சட்டி ரெண்டு எடுத்து ஒண்டுல கத்தரிக்கண்டு ஒண்டுல கொச்சிக்காக்கண்டு வை. ஓட்ட மறக்காமப் போடு

தம்பி: சரி மாமி

கல்லடி மாமி: அப்ப உனக்கு ஒரு நாள் சமைக்கிறது நான்தானே. என்ன வேணும்

தம்பி: றால் கறி மாமி. வாவி றால், பெருசா

கல்லடி மாமி: றால் வில தெரியுமாடா உனக்கு