ஸ்டீல் கரண்டி உலோகமாகத் தெரியவில்லை, வெள்ளையும் ஒட்டவில்லை: என்ன செய்வது?

புதுத்தூரிகை:
மேசையில் ஒரு ஸ்டீல் கரண்டி, பாதித் தண்ணீரோடு கண்ணாடி டம்ளர், சாவிக்கொத்து: இவற்றைத்தான் வரைகிறேன். 300 ஜிஎஸ்எம் எடையுள்ள கெட்டியான வாட்டர்கலர் தாளில் முதலில் வாட்டர்கலர் பூச்சு, காய்ந்ததும் கலர் பென்சில், இருட்டான இடங்களுக்கு 8பி என்ற மிக மென்மையான, அடர்த்தியான பென்சில். கரண்டியின் அடர்ந்த பகுதி கறுக்கவே மாட்டேன் என்கிறது. விளக்கடியில் பார்த்தால் சாம்பலாகப் பளபளக்கிறது. டம்ளரின் ஒளிப்புள்ளிக்கு வெள்ளை கோவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) வைத்தால் முத்துமுத்தாகத் திரண்டு விலகுகிறது. படத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

கரித்துண்டு:
உண்டு. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் துகள்கள் தட்டையான செதில்கள். அழுத்த அழுத்தப் படிந்து வழவழப்பாகி ஒளியைத் திருப்பி அடிக்கும். 8பி இல்லை, எந்த பி போட்டாலும் இதே கதைதான். பிசையும் ரப்பரால் ஒற்றி முடிந்தவரை எடுத்துவிட்டு, கறுப்பு கலர் பென்சிலை லேசாகப் பல அடுக்காகப் போடுங்கள். கரி பென்சில் இதைவிடக் கறுப்பு, ஆனால் கலர் பென்சிலில் உள்ள மெழுகின் மேல் பிடிக்காது. அடுத்த படத்தில் ஆழமான இருட்டை வாட்டர்கலரிலேயே முடித்துவிடுங்கள். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு.

கோவாஷ் விலகுவதற்கும் கலர் பென்சிலின் மெழுகுதான் காரணம். ஈரமானது முதலில், மெழுகு பிறகு. இப்போதைக்குப் புது பிளேடின் முனையால் அந்தப் புள்ளியை மெல்லச் சுரண்டுங்கள். 300 ஜிஎஸ்எம் தாங்கும்.

நிழல்பிடி:
கறுப்பு மட்டும் வந்தால் உலோகம் வந்துவிடாது. டிஷ்யூ வைத்துத் தேய்த்திருக்கிறீர்களா? தேய்த்தால் கரண்டி களிமண்ணாகிவிடும். பளபளப்பான ஸ்டீலில் இருட்டும் வெளிச்சமும் இடையில் சாம்பல் இல்லாமல் நேரடியாக முட்டிக்கொள்ளும் இடங்கள் நிறைய. கரண்டிக் குழியைப் பாருங்கள், அறையே தலைகீழாகத் தெரியும். “கரண்டி” என்று வரையாமல் அந்தக் கோணல் வடிவங்களை அப்படியே வரையுங்கள். விழும் நிழலையும் கவனியுங்கள்: பொருள் மேசையைத் தொடும் இடத்தில் அடர்த்தி, கூர்மை, விலக விலக விளிம்பு கரைய வேண்டும்.

புதுத்தூரிகை:
ஆமாம், டிஷ்யூதான்! சுரண்டியதில் தாளின் வெள்ளையே வந்துவிட்டது, கோவாஷ் தேவைப்படவில்லை. இன்னொரு சந்தேகம். டம்ளரின் வாயைவிடத் தண்ணீர் மட்டத்தின் வட்டம் அகலமாகத் திறந்து தெரிகிறது. போட்டோவைப் பார்த்து வரைந்தது. தப்பா?

நிழல்பிடி:
தப்பில்லை. கண்மட்டத்திலிருந்து கீழே போகப்போக வட்டம் அகலமாகத் திறக்கும். ஆனால் போனைப் பொருளுக்கு மிக அருகில் வைத்து எடுத்தால் இந்த வித்தியாசம் மிகையாகிவிடும். சில அடி தள்ளி நின்று, ஜூம் செய்து மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.

கரித்துண்டு:
அப்படி மறுபடி எடுக்கும்போதே வரைந்த படத்தையும் ஒரு போட்டோ எடுத்து, இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வைத்து இருட்டையும் வெளிச்சத்தையும் ஒப்பிடுங்கள். சாவிக்கொத்து இன்னும் வெளிறியிருக்கும் என்பது என் சந்தேகம்.