காந்தப்புலம் கவசம் என்றால், வெள்ளிக் கோள் எப்படித் தப்பித்தது?

இரவுவானம்:
எங்கே பார்த்தாலும் ஒரே விளக்கம்தான்: பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றிலிருந்து (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம்) காக்கும் கவசம், அது இல்லாமல் போனதால் செவ்வாய் தன் வளிமண்டலத்தை இழந்தது. சரி. ஆனால் வெள்ளிக்கும் சொந்தமாகக் காந்தப்புலம் கிடையாதே, சூரியனுக்கு நம்மைவிடப் பக்கத்தில் வேறு இருக்கிறது, அப்படியும் அதன் தரையில் காற்றழுத்தம் இங்கே இருப்பதைப்போல் 90 மடங்கு. எப்படி? இன்னொன்று, கவசத்தில் துருவங்களில் ஓட்டை இருப்பதால்தான் துருவ ஒளி வருகிறது என்று படித்த ஞாபகம். அது சரியா?

பிளாஸ்மாபித்து:
முதலில் ஓட்டை விஷயம். துருவங்களுக்கு மேலே புனல் மாதிரி இரண்டு இடங்கள் இருப்பது உண்மைதான், ஆனால் நாம் பார்க்கும் துருவ ஒளியில் பெரும்பகுதி அந்த வழியாக வருவதில்லை. சூரியக் காற்று கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்தான், ஆனால் நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் சூரியனின் காந்தப்புலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. பகல் பக்கத்தில், பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 10 மடங்கு தொலைவில், நம் காந்தப்புலம் அதைத் தடுத்து ஒதுக்குகிறது. வரும் புலம் வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. தெற்கே திரும்பினால்தான் வினை. அந்த இடத்தில் பூமியின் புலம் வடக்கு நோக்கி இருப்பதால், எதிரெதிர்க் கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று இணைந்துவிடும். 1961-ல் இயற்பியலாளர் ஜேம்ஸ் டங்கி சொன்ன காந்த மறு இணைப்பு இதுதான். இணைந்த கோடுகளைக் காற்று பின்னால் இழுத்துப்போய், நிலாவின் பாதையையும் தாண்டி நீளும் வாலில் சேர்க்கிறது, அங்கே மறுபடி அறுந்து இணையும்போது எலக்ட்ரான்கள் இரவுப் பக்கமிருந்து பூமியை நோக்கிப் பாய்கின்றன. அப்புறம்தான் 100 கி.மீ. உயரத்தில் அந்தப் பச்சை.

கோடுகவனி:
இதை நேரிலேயே பார்க்கலாம். பூமிக்கு 15 லட்சம் கி.மீ. முன்னால் நிற்கும் விண்கலங்களின் அளவீடு இணையத்தில் உடனுக்குடன் வருகிறது. 2024 மே 10 அன்று அந்த வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். வரும் புலம் வடக்கா தெற்கா என்று காட்டும் கோடு, சாதாரண நாளில் பூஜ்யத்தை ஒட்டி ஐந்து நானோடெஸ்லா (காந்தப்புல அலகு) அளவில் மேலும் கீழும் ஆடும்; அன்று சடாரென்று மைனஸ் 40-க்கும் கீழே, அதாவது தெற்குப் பக்கம், போனது. வேகம் நொடிக்கு 700 கி.மீ. தாண்டியிருந்ததால் இங்கே வந்து சேர அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கும். 2003-க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான புயல் அது. அன்றிலிருந்து வேகத்தைவிட இந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறேன்.

செங்கோள்:
வெள்ளிக்கு வருவோம். சூரியனின் புற ஊதாக் கதிர் அதன் மேல் காற்றை அயனியாக்குகிறது, அந்த அயனி மண்டலம் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் உள்ளே புக முடியாமல் கோளைச் சுற்றிப் போர்வைபோல் மடிந்து கிடக்கிறது. இரவல் கவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கும் இதே ஏற்பாடு உண்டு, ஆனால் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதம்தான், பிடித்துவைக்கத் தெம்பில்லை. மேவன் விண்கலம் அளந்தபடி, சூரியக் காற்று இன்றும் அங்கிருந்து நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயுவை அள்ளிப் போகிறது. கவசம் உள்ள பூமியும் துருவங்கள் வழியாக ஆக்சிஜன் அயனிகளை இழந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் "காந்தப்புலம் இல்லை, காற்றும் இல்லை" என்று ஒரே வரியில் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இரவுவானம்:
இரவல் கவசம் என்றதும் புரிந்துவிட்டது, நன்றி. அப்படியானால் காந்தப்புலம் இருந்தும் காற்றில்லாத புதனில் என்ன நடக்கும்?

பிளாஸ்மாபித்து:
அங்கே புலம் பூமியுடையதில் ஒரு சதவீதம் அளவுதான், சூரியக் காற்றைத் தடுக்கும் எல்லை தரையிலிருந்து ஆயிரம் கி.மீ. உயரத்திலேயே வந்துவிடுகிறது. பெரிய புயலின்போது அது தரைவரை நசுங்கியதை மெசஞ்சர் விண்கலம் பதிவு செய்திருக்கிறது. அப்போது சூரியக் காற்று நேரே பாறையில் மோதி சோடியம் அணுக்களைப் பெயர்த்தெடுக்கும்.