மானியத்தில் சமூகக்கூடம்: மன்றக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

மூன்றாம் வரிசை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நகராட்சி புதிய சமூகக்கூடம் ஒன்றைக் கட்டுவதற்கான தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்தில் கொண்டுவருகிறது. கட்டுமானச் செலவின் பெரும்பகுதியை மேல்நிலை அரசு மானியமாகத் தருகிறது. மீதியை நகராட்சி தன் சேமநிதியிலிருந்து எடுத்துக்கொள்ளும். வருகிற பணத்தை வேண்டாம் என்றால் அது வேறு ஊருக்குப் போய்விடும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். பழைய குடிநீர்க் குழாய்கள் அடிக்கடி எங்காவது உடைந்து சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடம் எதற்கு, அந்தப் பணத்தில் குழாயை மாற்றுங்கள் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். சென்ற கூட்டத்தில் இரு தரப்பும் இதையே மாறி மாறிச் சொல்லிவிட்டுக் கலைந்தன.

நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. வரவு செலவுத் திட்ட அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அத்தனை பக்கங்களில் கூடத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதிலும் மொத்தத் தொகையைத் தவிர வேறொன்றும் இல்லை. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாதபடி எதைக் கேட்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் எதிர்ப்பவர்களின் வாதத்தில் உள்ள ஓட்டையைப் பார்த்துவிடுவோம். குறிப்பிட்ட பணிக்கென்று ஒதுக்கப்பட்ட மானியத்தை நகராட்சி தன் விருப்பப்படி வேறு பணிக்குத் திருப்ப முடியாது. திருப்பினால் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபணை எழும், பணத்தையே திருப்பிச் செலுத்தவும் நேரலாம். ஆகவே "கூடத்துக்குப் பதில் குழாய்" என்று நீங்கள் கேட்டால், அதிகாரி மானிய ஆணையின் நிபந்தனையை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். உங்கள் மூன்று நிமிடமும் அதோடு போய்விடும். சேமநிதியிலிருந்து எடுக்கும் பங்கைப் பற்றி மட்டும் அப்படிக் கேட்கலாம், ஏனென்றால் அது நகராட்சியின் சொந்தப் பணம்.

ஆதரிப்பவர்களின் வாதத்தில் உள்ள ஓட்டை இதைவிடப் பெரியது. இத்தகைய மானியம் மூலதனச் செலவுக்குத்தான், அதாவது கட்டி முடிக்கும் ஒருமுறைச் செலவுக்குத்தான் வருகிறது. திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து மின்கட்டணம், காவலர் சம்பளம், துப்புரவு, காப்பீடு, கூரை ஒழுகினால் அதை அடைப்பது என எல்லாமே வருவாய்க் கணக்கில், அதாவது அன்றாடச் செலவுக்கான கணக்கில், ஆண்டுதோறும், நகராட்சியின் தலையில் விழும். ஒரு பொதுக் கட்டடம் பயன்பாட்டில் இருக்கும் காலம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், அதை நடத்தவும் பராமரிக்கவும் ஆகும் செலவு கட்டிய செலவைத் தாண்டிவிடுவது சாதாரணம். இலவசமாகக் கிடைக்கிறது என்று யானையை ஓட்டிக்கொண்டு வந்தால், மறுநாள் காலையிலேயே அதற்குத் தீனி போட்டாக வேண்டும்.

அறிக்கையில் பராமரிப்புத் தலைப்பைத் தேடி எடுத்து, ஒரே நிதியாண்டுக்கான மூன்று எண்களை அருகருகே எழுதிப் பாருங்கள்: தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு, இடையில் போட்ட திருத்திய மதிப்பீடு, கடைசியில் ஆன உண்மைச் செலவு. மூன்றும் ஒரே அறிக்கையில் கிடைக்காது. அடுத்தடுத்த ஆண்டுகளின் அறிக்கைகளைப் புரட்ட வேண்டியிருக்கும். நான் பார்த்த கணக்குகளில் மதிப்பீடு தாராளமாக இருக்கும், திருத்திய மதிப்பீடு அதில் பாதியை வெட்டியிருக்கும், உண்மைச் செலவு அதற்கும் கீழே கிடக்கும். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கடன் தவணையையும் தள்ளிப்போட முடியாது. ஆண்டின் நடுவில் பணமுடை வந்தால் கைவைக்க எளிதான இடம் பராமரிப்புதான், ஏனென்றால் இந்த ஆண்டு பழுதுபார்க்காமல் விட்ட வால்வுக்காக யாரும் ஊர்வலம் போவதில்லை. உங்கள் ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்றால், குழாய் உடைவதும் கூடம் கட்டுவதும் ஒரே கேள்வியாகிவிடும். அந்த இளைத்த ஒதுக்கீட்டில் பங்கு கேட்க இன்னொரு கட்டடம் வரப்போகிறது.

ஆகவே கேள்வியை இப்படி வையுங்கள்: கூடம் திறந்த பிறகு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும், அதற்காக எந்தச் செலவு குறையும் அல்லது எந்த வரி உயரும்? தொகை தெரியாது என்று பதில் வந்தால், அந்தப் பதிலே உங்களுக்குப் போதும்.

முன்னாள் மன்ற உறுப்பினர்

தணிக்கையாளர் ஐயா சொல்வது கணக்கு அளவில் சரி. ஆனால் செலவழிக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அவர் சொல்லாமல் விட்டதால் நான் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் மாநில அரசு நியமித்த நிதி மேலாளரின் பொறுப்பில் இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை மாற்றி ஆற்றுநீரை எடுத்தார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் அந்த நீரில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் வீட்டுக் குழாய்க்கு வந்தது. மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு பின்னால் செலவாயிற்று. குழந்தைகளின் உடல்நலத்துக்கு நேர்ந்ததை எந்தக் கணக்குத் தலைப்பிலும் எழுத முடியாது.

மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிக் கூடிப் பேச ஓர் இடம் இல்லாத ஊரில் சமூகக்கூடம் ஆடம்பரம் அன்று. மன்றத்தில் இருந்த காலத்தில் எனக்குச் சலிப்பூட்டியது, கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் திட்டத்தை நிறுத்தவே கேட்டதுதான். நடத்தும் செலவுக்கு வழி சொல்லும்படி கேளுங்கள். வழி இருந்தால் ஆதரித்துக் கை தூக்கவும் தயாராக இருங்கள்.

மதிப்பீட்டுப் பொறியாளர்

ஒரு சிறு சேர்க்கை. மானியம் செலவில் இத்தனை விழுக்காடு என்று இருக்கிறதா, இன்ன தொகை என்று இருக்கிறதா என்பதை மானிய ஆணையிலேயே பாருங்கள். இன்ன தொகை என்று இருந்தால், கட்டுமானச் செலவு ஏறும்போது ஏறியது முழுவதும் நகராட்சியின் பங்கில்தான் சேரும். செலவு ஏறுவது அபூர்வமும் அன்று. 20 நாடுகளைச் சேர்ந்த 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துக்கொண்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. அவை பாலங்கள், சாலைகள், இருப்புப்பாதைகள். சமூகக்கூடம் அவ்வளவு சிக்கலானதன்று என்பது உண்மைதான். ஆனாலும் மண் பரிசோதனைக்கு முன்பே போட்ட மதிப்பீடு என்றால் நான் அதை நம்ப மாட்டேன். மண் பரிசோதனை அறிக்கையின் தேதியையும் மதிப்பீட்டின் தேதியையும் கேளுங்கள்.

மூன்றாம் வரிசை

மூவருக்கும் நன்றி. மானிய ஆணையின் நகலைக் கேட்டிருக்கிறேன். இதற்கிடையில் எங்கள் பகுதி உறுப்பினரிடம் நடத்தும் செலவைப் பற்றிப் பேசியபோது, கூடத்தை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட்டால் அந்த வருமானமே போதும் என்றார். இதை எப்படிச் சரிபார்ப்பது?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

நகராட்சியிடம் ஏற்கெனவே வாடகைக்கு விடும் இடம் ஏதாவது இருக்கும். அது ஆண்டில் எத்தனை நாள் வாடகைக்குப் போயிற்று, எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு நிலுவை என்று கேளுங்கள். வசூலாக வேண்டிய தொகையும் வசூலான தொகையும் ஒன்றாக இருப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வாடகையைச் செலவு முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு உயர்த்தினால் எளியவர்கள் அந்தக் கூடத்துக்குள் நுழைய முடியாது. குறைத்தால் ஆண்டுதோறும் பற்றாக்குறைதான். இரண்டில் எது என்பதை மன்றம் தீர்மானத்திலேயே எழுத வேண்டும்.

தாமதமாகிவிட்டது என்றாலும் ஒன்றையும் சேர்த்துக் கேட்டுவையுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், புதிய பணிகளில் எதற்கு முன்னுரிமை என்பதைப் பகுதிவாரியாக மக்களே கூடி முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்கு வருவதற்கு முன்பே அந்தக் கூட்டங்கள் நடந்தன. தீர்மானம் அச்சாகி வந்த பிறகு மூன்று நிமிடம் பேசுவதற்கும் அதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. அடுத்த ஆண்டுத் திட்டம் எப்போது தயாராகிறது, அதற்குமுன் மக்களைக் கேட்பார்களா என்று கேளுங்கள்.

கேள்விகளைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேசும்போது, பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுமாறு தலைவரிடம் கேளுங்கள். பின்னாளில் தணிக்கைக்கு வருபவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.