சைன் அதிர்வுகளைக் கூட்டும்போது எங்கே சறுக்குகிறது? அனுபவப் பகிர்வு

கணக்கு வாத்தியார்:
4 மி.மீ. வீச்சுள்ள (நடுநிலையிலிருந்து உச்சம் வரை 4 மி.மீ. அசையும்) அதிர்வோடு 3 மி.மீ. வீச்சுள்ள இன்னொன்று சேர்ந்தால் எவ்வளவு? 7 என்று பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அதிர்வெண் ஒன்றாக இருந்தால் விடை 1 முதல் 7 வரை எதுவாகவும் இருக்கலாம். கட்ட வேறுபாடு, அதாவது சுற்றில் ஒன்று மற்றதைவிட எத்தனை பாகை முந்துகிறது என்பது, தெரியாமல் வாயே திறக்கக் கூடாது. விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழைகளை முதலில் போடுகிறேன், களத்தில் இருப்பவர்கள் தொடருங்கள்.

4 மி.மீ. 0°-யிலும், 3 மி.மீ. அதற்கு 60° முந்தியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் அம்புகளாக எடுத்து (நீளம் வீச்சு, திசை கட்டம்), ஒன்றின் நுனியில் மற்றதை ஒட்டி முக்கோணம் வரைந்தால் அதன் உட்கோணம் 120°. கொசைன் விதியில் 60°-ஐ அப்படியே போடுபவர்களுக்கு √13, அதாவது 3.61 வரும். சரியான விடை √37, அதாவது 6.08. கட்ட வேறுபாடு 90°-க்குக் குறைவாக இருக்கும்போது தொகுபயன் (கூட்டி வரும் வீச்சு) இரண்டில் பெரியதைவிடச் சிறியதாக வரவே வராது. இந்த ஒரு சோதனை போதும், பிழை அங்கேயே பிடிபடும்.

ஒவ்வொரு அம்பையும் கிடை, நிலை என்று கூறு பிரித்துச் செய்தால் இந்தக் குழப்பமே இல்லை. கிடைக்கூறு 4 + 1.5 = 5.5, நிலைக்கூறு 2.598, கோணம் 25.28°. ஆனால் அங்கே வேறொரு குழி இருக்கிறது. 0°-யில் 2, 150°-யில் 3 என்று எடுங்கள். கிடைக்கூறு −0.598, நிலைக்கூறு 1.5. கால்குலேட்டரில் டேன் நேர்மாறு −68.26° காட்டும். கிடைக்கூறு எதிர், நிலைக்கூறு நேர் என்றால் அது இரண்டாம் கால்பகுதி. 180° கூட்டி 111.74° என்று எழுத வேண்டும். வீச்சு 1.615 சரியாக இருக்கும். அதனால்தான் பிழை கண்ணில் படுவதில்லை.

ஒன்று சைனிலும் மற்றது கொசைனிலும் கொடுக்கப்பட்டிருந்தால், கொசைனுக்கு 90° கூட்டி சைனாக்கிய பிறகே கையை வையுங்கள். முன்னால் கழித்தல் குறி இருந்தால் 180°.

மின்பிரிவு:
ரேடியன், பாகைக் கலப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். 50 ஹெர்ட்ஸில் கோணத் திசைவேகம் 100π. 0.002 நொடியில் கோணம் 0.628 ரேடியன், அதாவது 36°. தொடக்கக் கட்டம் 30° என்றால் மொத்தம் 66°, அதன் சைன் 0.914. 0.628-ஐயும் 30-ஐயும் மாற்றாமல் கூட்டி பாகை முறையில் தட்டினால் 0.51 வரும். பாதிக்குப் பாதி அடிபட்டுப் போகிறது.

மூன்று ஃபேஸில் 120° இடைவெளியுள்ள சம மின்னோட்டங்கள் நியூட்ரலில் (மூன்றுக்கும் பொதுவான திரும்பு கம்பியில்) ஒன்றையொன்று அழித்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் ஹார்மோனிக்குக்கு (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஓடும் பகுதிக்கு) அந்த 120° என்பது 360° ஆகிவிடுகிறது, மூன்றும் ஒரே திசையில் நிற்கும். ஒவ்வொரு ஃபேஸிலும் 10 ஆம்பியர் மூன்றாம் ஹார்மோனிக் இருந்தால் நியூட்ரலில் 30 ஆம்பியர். சுமை சமமாகத்தானே இருக்கிறது என்று நம்பி மெல்லிய நியூட்ரல் போட்ட இடங்களில் கம்பி சூடாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமன் எடை:
ரோட்டார் பேலன்சிங், அதாவது சுழலும் பாகத்தில் எடை போட்டு அதிர்வைக் குறைப்பது, முழுக்க இந்தக் கணக்குதான். முதல் ஓட்டத்தில் அதிர்வு 6 மி.மீ./நொடி, கட்டம் 30°. 20 கிராம் ட்ரையல் வெயிட் (சோதனை எடை) போட்டு, அதே வேகத்தில் ஓட்டினால் 5 மி.மீ./நொடி, 90°. "6-லிருந்து 5, ஒன்றுதான் குறைந்திருக்கிறது, எடை போதவில்லை, 100 கிராம் போடு" என்பார்கள். அங்கேதான் ஆபத்து.

திசையோடு கழித்துப் பாருங்கள். கிடைக்கூறு 0 − 5.196, நிலைக்கூறு 5 − 3. எடையின் விளைவு 5.57 மி.மீ./நொடி, 158.95°. அந்த 20 கிராம் கிட்டத்தட்ட முழு அதிர்வுக்கும் சமமான வேலையைச் செய்திருக்கிறது, திசைதான் தவறு. தேவையான எடை 20 × 6 ÷ 5.57 = 21.6 கிராம். விளைவு 30°-க்கு நேரெதிராக 210°-யில் விழ வேண்டும், ஆகவே எடையை ட்ரையல் வெயிட் இருந்த இடத்திலிருந்து 51° நகர்த்த வேண்டும். கருவி கட்டத்தைப் பின்தங்கலாகக் காட்டினால் சுழற்சிக்கு எதிர்த்திசையில் 51°, முந்தலாகக் காட்டினால் சுழலும் திசையில். இதைக் கருவியின் கையேட்டில் பார்க்காமல் எடையை வெல்டு வைக்காதீர்கள். கணக்குப் போடும் முன் ட்ரையல் வெயிட்டைக் கழற்றுவீர்களா, விட்டுவைப்பீர்களா என்பதையும் முடிவு செய்யுங்கள். மேலே உள்ளது கழற்றிவிட்டால் மட்டும் பொருந்தும்.

இரண்டு ஓட்டத்திலும் கட்டம் ஒரே இடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். அலைந்துகொண்டே இருந்தால் பேலன்சிங்கை நிறுத்திவிட்டு, தளர்ந்த போல்ட், அருகில் ஓடும் வேறு இயந்திரம் இரண்டையும் பாருங்கள்.

ஸ்பெக்ட்ரம்:
அருகில் ஓடும் இயந்திரம் என்றதும் விம்மலை, அதாவது நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து அளவு ஏறி இறங்குவதை, சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே தளத்தில் ஒரு விசிறி 1480 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்றுகள்), இன்னொன்று 1470. அதிர்வெண்கள் 24.667, 24.5 ஹெர்ட்ஸ், வேறுபாடு ஆறில் ஒரு பங்கு ஹெர்ட்ஸ். அளவீடு 6 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். தனித்தனியே 4, 3 மி.மீ./நொடி என்றால் முள் 7-க்கும் 1-க்கும் இடையே ஆடும். எந்த நொடியில் வாசித்தாரோ அதை அறிக்கையில் எழுதிவிட்டுப் போவார் ஒருவர்!

இரண்டு சைன்களின் கூட்டலைப் பெருக்கலாக மாற்றும் சூத்திரத்தில் பாதி வேறுபாடு வருகிறது. அதை வைத்து விம்மல் காலம் 12 நொடி என்று எழுதுவது வழக்கமான தவறு. வீச்சு நேர், எதிர் இரண்டு பக்கமும் உச்சம் தொடுவதால் காதும் கருவியும் ஒரு சுற்றில் இரண்டு விம்மலை உணர்கின்றன. 6 நொடிதான்.

அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் கருவியில் 200 ஹெர்ட்ஸ் வரை 400 கோடுகள் (பிரிவுகள்) வைத்தால் கோட்டுக்கு 0.5 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே முகடாகத் தெரியும். 3200 கோடுகள் வைத்தால் 0.0625 ஹெர்ட்ஸ்; பதிவுக்கு 16 நொடி பிடிக்கும், முகடுகள் பிரிந்துவிடும். சராசரியை எத்தனை முறை கூட்டினாலும் பிரியாது, பதிவின் நீளம்தான் பிரிக்கும்.

கணக்கு வாத்தியார்:
அருமை. ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) விஷயமும் இதிலிருந்தே வருகிறது: அதிர்வெண் வேறானால், நீண்ட நேர அளவில், 3, 4 ஆர்எம்எஸ் சேர்ந்து 5. சம அளவுள்ள இரண்டு தொடர்பற்ற ஒலிமூலங்கள் 3 டெசிபல் கூடும். ஒரே அதிர்வெண்ணில் கட்டமும் ஒத்தால் 6 டெசிபல்.

சமன் எடை:
இன்னொன்று. இடப்பெயர்ச்சியையும் திசைவேகத்தையும் ஒரே படத்தில் வரைந்து கூட்டாதீர்கள். 50 ஹெர்ட்ஸில் 10 மைக்ரான் உச்ச இடப்பெயர்ச்சி என்பது 3.14 மி.மீ./நொடி உச்சத் திசைவேகம், அதுவும் 90° முந்தி. ஒரே அலகுக்கு மாற்றும்போது கட்டத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.